குழாய்க் கணக்கு மூன்று சிடியில்

மோட்டார் பட்டறை வைத்திருக்கும் வீட்டுக்கு வாக்கப்பட்டு வருகிறவளுக்கு முதலில் மரத்துப்போவது காது. கோயமுத்தூரில் கணபதி என்கிற பகுதியில் எங்கள் வீட்டுக்கு முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குடித்தனம். காலையில் லேத் ஓட ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை யாரிடம் எதைச் சொல்வதானாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். நான் பிறந்ததிலிருந்தே கத்திப் பேசுகிறவள். அந்த வீட்டில் முதல் நாளிலிருந்து எனக்கு ஒத்துப்போனது அது ஒன்றுதான்.

பட்டறை என் கணவரின் அண்ணனுடையது. நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்து, சொந்தமாகத் தொழிலை நிறுத்தியவர். உழைப்பாளி. அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. என் வீட்டுக்காரர் லேத்தில் நிற்பார், அதிகம் பேசமாட்டார். நான் கணிதம் படித்த பட்டதாரி என்பதால் வாசலோரம் ஒரு மேஜையும், ஒரு மில்லில் கழித்துக் கட்டிய பழைய கம்ப்யூட்டரும் என் தலையில் விழுந்தன. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பட்டறைக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது என்பதைப் பார்க்கவே ஆள் வந்த காலம்.

ஆழ்துளைக் கிணற்றுக்குள் எரிந்துபோன மோட்டாரை டெம்போவில் போட்டுக்கொண்டு விவசாயிகள் வருவார்கள். செம்புக் கம்பியில் காயில் கட்டித் தர வேண்டும், கேபிள் நீளம் பார்க்க வேண்டும் என்பதற்காக நான் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தன பைப்புங்க எறக்கியிருக்கறீங்க?" என்பதுதான். மோட்டார் தொங்குவது இருபதடிக் குழாய்களை ஒன்றோடொன்று கோத்த வரிசையில். பத்து பைப் என்றால் இருநூறு அடி. தண்ணீர் கீழே போகப் போக மோட்டாரையும் இறக்குவார்கள், பைப்பும் கூடும். அவர்கள் சொல்வதை நான் சிட்டையில் எழுதி, அப்படியே கம்ப்யூட்டரிலும் ஏற்றி வைத்தேன். ஊர், தோட்டம் இருக்கும் திசை, எத்தனை பைப், எந்த மாசம்.

முதல் வருஷம் அது வெறும் வேலை. இரண்டாம் வருஷம் தொண்டாமுத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் மறுபடி வந்தார். முன்பு பதினொன்று சொன்னவர், இந்தத் தடவை பதினாலு என்றார். அவருடைய பக்கத்துத் தோட்டத்துக்காரர் பதினைந்து. உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னை வைத்திருந்த ஒருவர் ஒன்றரை வருஷத்தில் நான்கு பைப் இறக்கியிருந்தார். நான் ஊர் வாரியாகப் பிரித்து வரிசைப்படுத்திப் பார்த்தேன். ஒவ்வொருவரும் தன் கிணற்றை மட்டும் பார்த்து, தன் ராசி சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மொத்தமும் சேர்ந்து கீழே போய்க்கொண்டிருப்பது இந்த மேஜையில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் தெரிந்தது.

அன்றிலிருந்து அது என் கணக்கு. பட்டறைக்கு வேண்டாத கேள்விகளையும் கேட்க ஆரம்பித்தேன். எப்போது போர் போட்டது, முதல் தண்ணீர் எத்தனை அடியில், பக்கத்தில் யார் போட்டார்கள். இப்படியே, அந்த மேஜைக்கு வந்து நான்கு வருஷமாயிற்று. காயில் கட்டி முடிகிறவரை எப்படியும் காத்திருக்க வேண்டியவர்கள், டீயைக் குடித்துக்கொண்டே பதில் சொன்னார்கள். மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. "வந்தவீங்களப் போட்டு எதுக்கம்மணி தொளைக்கற?" என்பார். நான் சிரித்துவைப்பேன், அடுத்த ஆளிடம் மறுபடி கேட்பேன்.

இவ்வளவு பாடுபட்டதெல்லாம் ஒரு கம்ப்யூட்டருக்குள் இருந்தால் என்றைக்காவது போய்விடும் என்ற பயம் எனக்கு இருந்தது. அதனால் பிளாப்பியில் எடுத்துவைத்தேன். மொத்தக் கணக்கும் இரண்டு பிளாப்பிக்குள் அடங்கும். ஆனால் பிளாப்பி நம்ப முடியாத சாமான். ஆடி மாதச் சாரலுக்கு உள்ளே பூசணம் பூக்கும். இன்றைக்குப் படிப்பது நாளைக்குப் படிக்காது. ஆகவே நான் ஒன்றல்ல, இரண்டல்ல, ஆறு பிரதி எடுத்தேன். ஆறிரண்டு பன்னிரண்டு. எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வரிசையாக நிறுத்திவைத்தேன். ஆறு பிரதி எடுத்தவள் ஒரே பெட்டியில் அடுக்கினேன் பாருங்கள், அந்த அறிவைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒரு புரட்டாசியில் மாமா ஒரு முடிவெடுத்தார். பில் போடுவதற்குப் புது புரோகிராம் வாங்குவது, அதை விஜயதசமியன்று நல்ல நேரத்தில் ஏற்றுவது. புதிதாக எதைத் தொடங்கினாலும் விஜயதசமியில் தொடங்கினால் தேறும் என்பது எங்கள் ஊர் வழக்கம். பிள்ளைக்கு எழுத்தறிவிப்பதும் அன்றுதான், கம்ப்யூட்டருக்கு அறிவிப்பதும் அன்றுதான். பழையதை மொத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் புதியதை ஏற்ற வேண்டும் என்று அதை விற்றவர் சொல்லிவிட்டார்.

"அதுக்குள்ள உன்ற சாமானம் ஏதோ இருக்குதாமா. எடுத்துப்போடு அம்மணி. அப்பறம் போச்சுன்னு என்னையச் சொல்லக்கூடாது" என்றார் மாமா. நியாயமான பேச்சுதான். ஒரு வாரம் அவகாசமும் கொடுத்தார். நான் மறுபடி உட்கார்ந்து, பன்னிரண்டு பிளாப்பியையும் ஒவ்வொன்றாகப் போட்டுத் திறந்து பார்த்தேன். எல்லாம் படித்தன. நிம்மதியாக இருந்தேன்.

விஜயதசமிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. பட்டறையைக் கழுவிவிட்டு, ஸ்பேனர், சுத்தியல், அரம், டிரில், காயில் சுற்றும் அச்சு என்று எல்லாவற்றையும் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்த்து, பலகையில் பரப்பி, மஞ்சள் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பார்கள். லேத்துக்கு மாலை போடுவார்கள். நான் என் பிளாப்பிப் பெட்டியைக் கொண்டுவந்து பலகையில் வைத்தேன்.

மாமா சிரித்தார். "இதென்ன ஆயுதமா அம்மணி? உனக்குத்தான் உள்ள அருவாமணை இருக்குதல்ல?"

பட்டறையில் வேலை செய்யும் நான்கு பேரும் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது.

"அதுக்கும் பொட்டு வெச்சாச்சுங்க மாமா. இதுக்கும் வெக்கோணும். நானும் இந்த மேசையில நாலு வருசமா வேலதான் செஞ்சிருக்கறனுங்க" என்றேன்.

பெட்டி பலகையில் ஏறியது மட்டும் எனக்குப் போதவில்லை. என் பெட்டி ஓரத்தில் ஸ்பேனர்களுக்குப் பின்னால் மறைந்து கிடந்தது. அது எல்லோர் கண்ணிலும் படவேண்டும். நடுவில் தட்டையாக, வட்டமாக, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த ஒரு சாமான் இருந்தது. அதன்மேல் பெட்டியை ஏற்றி வைத்தேன். உயரமாக, லட்சணமாக உட்கார்ந்தது. மேலே ஒரு முழம் கதம்பமும் சுற்றினேன்.

அந்த வட்டச் சாமான் ஒரு காந்தம். ஏதோ ஒரு பெரிய ஸ்பீக்கரை உடைத்து எடுத்தது. கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் விட்டால், தவறி விழுந்த ஸ்பேனரைக் கவ்விக்கொண்டு வரும். சுத்து வட்டாரத்தில் யார் கிணற்றில் எது விழுந்தாலும் எங்கள் பட்டறைக்கு வந்து அதை இரவல் வாங்கிப் போவார்கள். அது காந்தம் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தினமும் பார்க்கிற சாமான். பிளாப்பிப் பக்கத்தில் காந்தம் ஆகாது என்பதும் தெரியும். ஆனால் குளித்து, மஞ்சள் பூசி, பொட்டு வைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருந்தபோது அது எனக்குக் காந்தமாகத் தெரியவில்லை, பூஜைச் சாமானாகத்தான் தெரிந்தது.

பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியாமல் எடுக்கக்கூடாது. ஒரு பகல், ஒரு ராத்திரி என் பன்னிரண்டு பிளாப்பியும் அதன்மேல் நின்றன. மறுநாள் காலை ஆள் வந்து, நல்ல நேரம் பார்த்து, கம்ப்யூட்டரைத் துடைத்துப் புது புரோகிராமை ஏற்றினார். பூசணிக்காய் உடைத்தார்கள். எல்லோருக்கும் பொரியும் சுண்டலும் கொடுத்தோம். அவர் போன பிறகு பெட்டியை எடுத்தேன். அப்போதுதான் அது அடியிலிருந்து ஒட்டிக்கொண்டு வருவதுபோல் லேசாக இழுத்தது. பிளாப்பியின் மூடித் தகடுகள் காந்தத்தை விட மனமில்லாமல் விட்டன. எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. ஆனாலும் பன்னிரண்டையும் போட்டுப் பார்த்தேன். படிக்க முடியவில்லை, விடட்டுமா, திரும்பப் பார்க்கட்டுமா என்று பன்னிரண்டு தடவையும் திரை என்னையே கேட்டது.

அழுதேன். சமையற்கட்டில் நின்று வாய்விட்டு அழுதேன். என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "அது காந்தமுன்னு தெரியாதா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். கையில் இருந்த டம்ளரை எறிந்தேன். நல்லவேளை, எனக்குக் குறி தவறும்.

மாமா அதட்டவில்லை. சொல்லப்போனால் ஆறுதலாகத்தான் பேசினார். "போனாப் போவுது அம்மணி. ஊரான் கெணத்துல தண்ணி எங்கிருந்தா நமக்கென்ன? அத வெச்சு நாம என்ன பண்ணப் போறோம்?" என்றார். அவர் திட்டியிருந்தால் நான் அப்படியே ஓய்ந்திருப்பேன். அந்த ஆறுதல்தான் என்னை எழுப்பி உட்காரவைத்தது. தொலைந்தது ஒன்றுமில்லாத பொருள் என்று அவர் நினைத்தார். ஒன்றுமில்லாததா இல்லையா என்று நான்தானே சொல்ல வேண்டும்?

பழைய சிட்டைகள் கிடைக்குமா என்று தேடினேன். அவற்றில் பாதி பேரிங்கில் கிரீஸ் துடைக்கப் போயிருந்தது, மீதி பழைய பேப்பர்காரரிடம் போயிருந்தது. ஆக, வேறு வழியே இல்லை. கிணறு கிணறாகப் போய்த் திரும்பக் கேட்க வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்காரர் மொபெட்டை எடுப்பார். நான் பின்னால் ஒரு நோட்டுடன் உட்காருவேன். எங்கே என்று அவர் கேட்டதில்லை, ஏன் என்றும் கேட்டதில்லை. டம்ளர் விவகாரத்துக்குப் பிறகு கேள்விகளைக் குறைத்துக்கொண்டிருந்தார். தொண்டாமுத்தூர், நரசிபுரம், ஆலாந்துறை என்று மலையடிவாரமாகப் போனோம். உடுமலைப்பேட்டைக்கு மட்டும் பஸ்ஸில் போனேன்.

பட்டறையில் டீ குடித்துக்கொண்டு சொல்வது வேறு, தோட்டத்துக்கே வந்து நோட்டை விரித்துக் கேட்டால் சொல்வது வேறு. "கரண்ட் ஆபீசுல இருந்து வாரீங்களா?" என்று பாதிப் பேர் பயந்தார்கள். இலவசக் கரண்டை நிறுத்தத்தான் கணக்கெடுக்கிறார்கள் என்று ஒரு வதந்தி. ஒருவர் இல்லாத கிணற்றைச் சொன்னார். இன்னொருவர் வேண்டுமென்றே எட்டு பைப் என்றார், பக்கத்தில் நின்ற அவருடைய சம்சாரம், "ஏனுங்க பொய் சொல்லறீங்க? போன சித்திரையில பதினேழு எறக்குனமல்லங்க?" என்று எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டார். அந்த அம்மாவுக்கு நான் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

ஆனால் ஒன்று. பயம் தெளிந்துவிட்டால் மறந்தேன் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. வருஷம் ஞாபகமிருக்காது, ஆனால் இறக்கியது ஞாபகமிருக்கும். "பெரியவ சடங்காகறப்ப பதினொண்ணுங்க. அவ கண்ணாலத்தப்ப பதினாறு. பேத்தி பொறந்தப்ப மோட்டாரே உள்ள மாட்டிக்கிச்சுங்க" என்றார் ஒருவர், விரலை மடக்கிக்கொண்டு. சடங்கு எந்த வருஷம் என்று கேட்டு நான் எழுதிக்கொண்டேன். குழந்தை பிறந்ததும், பசு செத்ததும், யானை வந்து வாழையை மிதித்ததும் எனக்கு வருஷக் கணக்காயின. ஒரு வருஷத்துக்கும் மேல் ஆயிற்று. முழுக்கவும் திரும்பக் கிடைக்கவில்லை. கிடைக்காத இடத்தில் நான் எதையும் இட்டு நிரப்பவில்லை. கோடு போட்டு வெறுமனே விட்டுவைத்தேன். தெரியாது என்பதும் ஒரு கணக்குதான்.

இனி இதை எதில் வைப்பது?

பிளாப்பியின் முகத்திலேயே விழிக்கக்கூடாது என்று இருந்தேன். எங்களிடம் மோட்டார் கொடுக்கும் ஒரு மில்லின் கம்ப்யூட்டர் அறையில் இருந்தவரைக் கேட்டேன். அவர்கள் எல்லாவற்றையும் டேப்பில் எடுத்துப் பூட்டிவைப்பார்கள். உள்ளங்கையளவு பெட்டிக்குள் நாடா. "இது நம்பகமானதுங்களா?" என்றேன். அவர் நேர்மையான மனிதர். "டேப்பு நல்லா இருக்குமுங்க. ஆனா இதப் படிக்கற மெசின் இது ஒண்ணுதானுங்க. இது ரிப்பேராச்சுன்னா டேப்பு சும்மா ரிப்பனுதான்" என்றார். அத்துடன் டேப்பும் காந்தத்துக்குப் பயப்படும் ஜாதிதான். நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் காந்திபுரத்தில் மாடியில் ஒரு கடையில் சிடி எழுதித் தருகிறார்கள் என்று தெரிந்தது. காந்தம் ஒன்றும் செய்யாது என்ற ஒரு சொல்லுக்காகவே படியேறினேன். கடைக்காரர் இளைஞர். வேறு வழியில்லாமல் பிளாப்பியில் கொண்டுபோன என் கணக்கு முழுவதையும் பார்த்துவிட்டு, "இதுக்கா அக்கா சிடி? லாரியில ஒரே ஒரு தேங்காய ஏத்துற மாதிரி இருக்குங்க" என்றார். லாரிக்கு நான் வாடகை கொடுக்கிறேன், தேங்காய் என்னுடையது, நீங்கள் ஓட்டினால் போதும் என்றேன்.

எழுதும்போது மேஜையைத் தொடக்கூடாது, அந்தக் கம்ப்யூட்டரில் வேறொன்றும் செய்யக்கூடாது என்றார். பிரசவ அறைக்கு வெளியே நிற்பதுபோல் நின்றோம். நடுவில் கரண்ட் போயிற்று. அந்தச் சிடி வீண். இரண்டாவது தேறியது. "நூறு வருசம் இருக்குமுங்க அக்கா" என்றார் பெருமையாக.

"இதக் கண்டுபுடிச்சு நூறு வருசம் ஆச்சுங்களா?" என்றேன்.

"இல்லீங்க, பத்துப் பதினஞ்சு வருசந்தான் இருக்கும்."

"அப்ப நூறு வருசம் இருக்குமுன்னு யாரு இருந்து பாத்தாங்க?"

அவர் சிரித்துக்கொண்டே சிடியை உறையில் போட்டுக் கொடுத்தார். எனக்கோ இனி யார் வாயையும் நம்பக்கூடாது என்ற வைராக்கியம். நீலம், பச்சை, தங்க நிறம் என்று அடிப்பக்கம் பலவிதமாக இருந்த சிடிக்களில் கொஞ்சம் வாங்கி, எல்லாவற்றிலும் கணக்கை எழுத வைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து பாடாய்ப் படுத்தினேன். பங்குனி சித்திரை வெயிலில் சிலவற்றைப் பட்டறைத் தகரக் கூரைமேல் போட்டேன். சிலவற்றைப் பீரோவில் பட்டுச்சேலைக்கு நடுவே பாச்சை உருண்டையோடு வைத்தேன். சிலவற்றைக் காகிதத்தில் சுற்றி ராகி டிரம்முக்குள் புதைத்தேன். ஒன்றின் மேல்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினேன்.

புது புரோகிராம் சிடியில் வந்து, அதற்காக ஒரு சிடி டிரைவும் மாட்டியிருந்ததால் எங்கள் கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பார்க்க முடிந்தது. கூரைமேல் போட்டவற்றில் நீலத்துக்குச் சாயம் வெளுத்தேபோய்விட்டது. ஒரு எழுத்தும் படிக்கவில்லை. மற்றவையும் திணறின. பாச்சை உருண்டைக்குப் பக்கத்தில் இருந்தவற்றின் பிளாஸ்டிக் பெட்டிகள் மங்கிப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டன. பேனாவால் எழுதியது அந்த எழுத்து வழியாகவே செத்தது. சீட்டு ஒட்டுகிற மேல்பக்கம்தான் பலவீனமான பக்கம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ராகிக்குள் இருந்தவை மட்டும் புதுப்பெண் மாதிரி வந்தன. இருட்டு, ஈரமின்மை, கைபடாமை. நூறு வருஷக் கதையை நம்பாமல், வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் போட்டுப் படிப்பது, ஒன்று முரண்டு பிடித்தால் அன்றைக்கே இன்னொன்று எழுதுவது என்று முடிவு செய்தேன்.

ஊர்ப் பெயர்களை முதலில் தமிழில்தான் அடித்திருந்தேன். எங்கள் கம்ப்யூட்டரில் தமிழாக இருந்தது கடைக்காரரின் கம்ப்யூட்டரில் கோழி கிளறிய மாதிரி தெரிந்தது. ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்த காலம். எனக்கு அது மனசுக்கு ஆகவில்லை, ஆனால் பிடிவாதத்தால் கணக்கைத் தொலைக்க முடியாது. பெயர்களை ஆங்கில எழுத்தில் மாற்றி, எந்த அலங்காரமும் இல்லாத வெறும் எழுத்துக் கோப்பாக்கினேன். எந்தப் புரோகிராம் போனாலும் வந்தாலும் அது திறக்கும்.

கடைசியில் தங்க நிறத்தில் மூன்று சிடி எழுதினேன். மூன்றும் ஒரே கணக்கு. ஒன்றை என் பீரோவில், பாச்சை உருண்டை இல்லாத தட்டில் வைத்தேன். மற்ற இரண்டையும் வேறு வேறு ஊரில், ஒருவருக்கொருவர் பழக்கமில்லாத இரண்டு பேரிடம் கொடுத்தேன். யாரிடம் என்று என் வீட்டுக்காரருக்கும் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

ஒரு மாசி மாதம் மத்தியானம் மாமா வெளியே போயிருந்தார். மலையடிவாரத்திலிருந்து ஒரு வாழைக்காரர் வந்தார். ஏற்கெனவே இரண்டு போர் போட்டு இரண்டும் வறண்டவர். மூன்றாவது போடப்போவதாகவும், இருப்பதிலேயே ஆழத்துக்குப் போகிற பெரிய மோட்டார் வேண்டுமென்றும் சொன்னார். அவர் சொன்ன தோட்டம் எனக்குத் தெரியும். நான் பீரோவிலிருந்து சிடியை எடுத்துவந்து போட்டு, அவர் தோட்டத்தைச் சுற்றியிருந்த கிணறுகளை வரிசையாகப் படித்துக்காட்டினேன். யார் எப்போது எத்தனை இறக்கினார்கள், எது எந்த வருஷம் நின்றது. போடாதீர்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படித்தேன், அவ்வளவுதான்.

அவர் திரைப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "இன்னொருக்காப் படியுங்க அம்மணி" என்றார். படித்தேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஊட்டுல ஒரு வார்த்த கேட்டுப்போட்டு வாரேனுங்க" என்று எழுந்தார். அவர் திரும்ப வரவில்லை. போர் போடும் யோசனையையே விட்டுவிட்டு, வாழையைக் குறைத்துக்கொண்டாராம். அதை வேறு யாரோ சொல்லி மாமா கேள்விப்பட்டார்.

நேராக என் மேஜைக்கு வந்து நின்றார். லேத் ஓடிக்கொண்டிருந்தது. கத்தித்தான் பேசினார்.

"ஏன் அம்மணி, நாம மோட்டார் விக்கறமா, இல்ல தண்ணி இல்ல தண்ணி இல்லன்னு ஊருக்குத் தண்டோரா போடறமா?"

"அவருக்குக் கடனாகாம இருந்துச்சல்லங்க மாமா."

"அவனுக்கு நாயம் பேசறதுக்கா உன்னைய இங்க உக்கார வெச்சிருக்குது? அந்தத் தட்டக் கொண்டா."

என் வீட்டுக்காரர் லேத்தை நிறுத்தினார். திடீரென்று வந்த அமைதியில் பட்டறையே எங்களைப் பார்த்தது. அழுகை வரும் என்று நினைத்தேன்; வரவில்லை. ஆயுத பூஜைக்கு அடுத்த நாள் அழ வேண்டியதையெல்லாம் அழுது முடித்திருந்தேன். உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து, சிடியை எடுத்துக்கொண்டு வந்து இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் தடுப்பேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். பிறகு மேஜை விளிம்பில் வைத்து அழுத்தினார். எளிதில் உடையாது அது. வளைந்துகொண்டே போய்ச் சட்டென்று சில்லுசில்லாகத் தெறித்தது. ஒரு துண்டு அவர் கட்டைவிரலைக் கீறியது.

"தீந்துதா?" என்றார்.

"தீரலீங்க மாமா. இன்னும் ரெண்டு இருக்குதுங்க."

"எங்க இருக்குது?"

"ஒடைக்கறவீங்ககிட்ட அதச் சொல்ல முடியாதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமாடா?" என்றார். என் வீட்டுக்காரர், "தெரியாதுங்கண்ணா" என்றார். அது சத்தியம். அந்தச் சத்தியத்தைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சிரிப்பை நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து பார்த்ததே இல்லை.

மாமாவின் விரலுக்கு மஞ்சள் வைத்துத் துணி கட்டிவிட்டேன். விரலை நீட்டிக் காட்டினார். துண்டுகளைக் கூட்டி அள்ளினேன். அடுத்த வாரம், வெளியூரில் இருந்ததில் ஒன்றைக் கேட்டு வாங்கி, காந்திபுரத்து மாடியில் அதிலிருந்து இன்னொன்று எழுதிக்கொண்டு, கொடுத்த இடத்திலேயே அதைத் திரும்பச் சேர்த்தேன். புதியதை என் பீரோவின் அதே தட்டில் வைத்தேன். பீரோவைப் பூட்டவில்லை.